ஒரு ‘ங்க’வை வைத்தே மொழியியல் படிக்கலாம்

எம்.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளைகளிடம் எந்தப் பேப்பர் கஷ்டம் என்று கேளுங்கள், பாதிப் பேர் மொழியியல் என்பார்கள். சங்கப் பாட்டில் நாலு வரி படித்ததும் உருகிப் போகிற பிள்ளைகூட ஒலியன், மாற்றொலி, உருபன், மாற்றுருபு என்று வரிசையாக வந்ததும் நோட்டை மூடி வைத்துவிடுகிறது. என் அக்கா மகள் ஈரோட்டில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள், அவளுக்கும் இதே கதைதான். “ஒலியன்னா என்ன கண்ணு?” என்று கேட்டால், “பொருள் வேறுபாட்டை உண்டாக்கும் மிகச் சிறிய ஒலி அலகு, சித்தி” என்று மூச்சு விடாமல் சொல்கிறாள். சரி, ஓர் உதாரணம் சொல்லு என்றால் ஆங்கிலப் பாடநூல்களில் இருந்து வந்த அந்தப் பழைய ‘பின், பின்’ ஜோடியைச் சொல்கிறாள். ஒன்று குண்டூசி, இன்னொன்று குப்பைத்தொட்டி. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றன, என்ன வேறுபாடு என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அவள் மேல் தப்பு இல்லை. இந்தத் துறையின் கலைச்சொற்கள் எல்லா மொழிக்கும் பொருந்தும், உதாரணங்கள் பொருந்தாது. அவரவர் வாயிலிருந்துதான் உதாரணம் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில், அதாவது கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், கரூர், தாராபுரம் வட்டாரத்தில், விடிந்ததிலிருந்து படுக்கும்வரை எல்லோர் வாயிலும் புழங்குகிற ஒரு சின்னத் துண்டு இருக்கிறது: ‘ங்க’. சிலர் ‘ங்’ என்றே நிறுத்திவிடுவார்கள். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே முதல் வருஷ மொழியியலில் முக்கால்வாசியை நடத்திவிடலாம் என்பது என் கட்சி. அவளுக்கு அப்படித்தான் நடத்தினேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உழவர் சந்தையில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் பாட்டி பேசுகிற மாதிரியைக் கேளுங்கள். “வாங் சாமி, கீரை வேணுங்களா? அரைக்கீரை கட்டு பத்து ரூவாங்க. இன்னைக்கு வெடியாலதானுங் அறுத்தது. சில்லறை இல்லீங்களா? அட பரவால்லீங், நாளைக்குக் குடுங்.” இவ்வளவுதான் பாடம், வேறு புத்தகம் வேண்டாம்.

முதலில் ஒலி. இதே வரிகளை அந்தப் பாட்டி ஒரு குரலில் சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் வேறு குரலில் சொல்வார், வெற்றிலை போட்டுக்கொண்டு ஒருவர் சொல்வார். காற்றில் வரும் ஒலி ஆளுக்கு ஆள் வேறு. ஆனாலும் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள் என்று நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் கேட்கிறவர் மனசிலும் சொல்கிறவர் மனசிலும் ஒரே அமைப்பு இருக்கிறது. பொதுவான அந்த அமைப்பையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவை பேசும் பேச்சையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் ஜெனீவாவில் பாடம் நடத்திய சொசூர். அவர் 1913-ல் இறந்துவிட்டார், மாணவர்கள் எடுத்த குறிப்புகளை வைத்து உடன் வேலை பார்த்தவர்கள்தான் 1916-ல் அவருடைய பாடங்களை நூலாக்கினார்கள். ஒலியை ஒலியாக, நாக்கு எங்கே தொடுகிறது, தொண்டை அதிர்கிறதா என்று பார்ப்பது ஒலியியல். ஒரு மொழி அந்த ஒலிகளில் எதை வேறு என்று எண்ணுகிறது, எதை ஒன்று என்று எண்ணுகிறது என்று பார்ப்பது ஒலியனியல்.

‘கல்லு’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் ‘வாங்க’, அப்புறம் ‘பகல்’. மூன்றிலும் க இருக்கிறது, மூன்றும் ஒரே ஒலி இல்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால் ‘வாங்க’வில் வரும் க அதிர்வது தெரியும், ‘கல்லு’வில் வருவது அதிராது, ‘பகல்’ நடுவில் வருவது உரசிக்கொண்டு மெலிந்து போகும். எந்த இடத்தில் எது வரும் என்பது அக்கம்பக்கத்து ஒலியைப் பொறுத்தது, நாமாக மாற்ற முடியாது, மாற்றினாலும் வேறு சொல் பிறக்காது. அப்படியானால் இவை மூன்றும் ஓர் ஒலியனின் மாற்றொலிகள். அதனால்தான் தமிழ் எழுத்து மூன்றுக்கும் ஒரே க போட்டது. ஆங்கிலத்தில் அதிரும் ஒலியும் அதிராத ஒலியும் தனித்தனி ஒலியன்கள், அங்கே மாற்றினால் குண்டூசி குப்பைத்தொட்டியாகிவிடும். நமக்கு ஒலியன் என்றால் வலி, வழி, வளி. ஒரே இடத்தில் ஓர் ஒலி மட்டும் மாறுகிறது, மூன்று சொல் கிடைக்கிறது.

இப்போது பாட்டி சொன்ன ‘வாங்’, ‘குடுங்’ இரண்டையும் கவனியுங்கள். அங்கே க-வே இல்லை, சொல் ங் என்ற மூக்கொலியிலேயே முடிந்துவிடுகிறது. தொல்காப்பியம் மொழிமரபு என்ற இயலில், சொல்லுக்கு இறுதியில் வரும் மெய்கள் இவை என்று பதினொன்றைச் சொல்கிறது: “ஞணநமன யரலவ ழளவென்னும் அப்பதினொன்றே புள்ளி இறுதி.” அதில் ங் கிடையாது. தமிழில் ங் பெரும்பாலும் க-வுக்கு முன்னால் மட்டுமே வரும், தனியாக வாழாது, அதனால் தற்கால மொழியியலில் அதைத் தனி ஒலியனாகக் கணக்கில் எடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துப் பேச்சில் அது கடைசியில் தனியாக வந்து நிற்கிறது. ‘வா’ வேறு, ‘வாங்’ வேறு, வித்தியாசம் அந்த ஒரு மூக்கொலிதான். ஓர் ஒலி இன்னொன்றின் நிழலில் இருந்து வெளியே வந்து சொந்தக் காலில் நிற்கத் தொடங்குவதை நம் காதாலேயே கேட்கிறோம் என்று நான் நினைக்கிறேன். மொழி மாற்றம் என்று ஒரு தனி அத்தியாயமே பாடத்தில் வரும், அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது உருபன். பொருளோ இலக்கண வேலையோ உள்ள, அதற்கு மேல் உடைக்க முடியாத துண்டுக்கு அந்தப் பெயர். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிரித்துக் கொடுத்தது 13-ஆம் நூற்றாண்டு நன்னூல். அதை எழுதிய பவணந்தியார் பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். ‘வந்தனன்’ என்பதை எடுத்தால் வா என்ற பகுதி வ என்று குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் விகுதி. உருபனியல் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் உருபனியல் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது. இந்தத் துண்டுக்கு எத்தனை வடிவம், எந்த வடிவம் எங்கே வரும்? பாட்டியிடமே திரும்பிப் போவோம். ‘ரூவாங்க’ என்றார், ‘பரவால்லீங்’ என்றார், ‘வேணுங்களா’, ‘இல்லீங்களா’ என்றார். முடிவில் வந்தால் ங்க அல்லது ங். பின்னால் உயிர் வந்து ஒட்டினால் உடனே எங்கிருந்தோ ஒரு ள் எழுந்து வருகிறது: ங்களா, ங்களே, ங்களேன். அந்த ள் ‘கள்’ என்ற பழைய பன்மை விகுதியின் ள். பேச்சில் கடைசி மெய் உதிர்ந்துவிட்டது, உயிருக்கு முன்னால் மட்டும் உயிரோடு இருக்கிறது. ங்க, ங், ங்கள் மூன்றும் ஓர் உருபனின் மாற்றுருபுகள். அதற்கு முன்னால் வருவதையும் பாருங்கள். ஆமா என்று உயிரில் முடிந்தால் ‘ஆமாங்க’, போறன் என்று மெய்யில் முடிந்தால் நடுவில் ஒரு உ நுழைந்து ‘போறனுங்க’. ‘போறன்ங்க’ என்று எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூடச் சொல்லாது. யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் தப்பில்லாமல் செய்கிற இந்த மாதிரிக் காரியத்தைத்தான் மொழியியலில் விதி என்கிறார்கள். இப்படித்தான் பேச வேண்டும் என்று வாத்தியார் போடுகிற சட்டம் வேறு, பேசுகிறவர் மனசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒழுங்கு வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மொழியியல் பேப்பரில் பயம் போய்விடும்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ‘வாங்’கில் வரும் ங்-கும் ‘பரவால்லீங்’கில் வரும் ங்-கும் ஒன்றா? கேட்டால் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்கிற தொடரியல் வழியில் சோதித்துப் பார்த்தால் வேறு. ‘நீங்க வாங்க’ என்பதில் ங்க-வை எடுத்துவிடுங்கள், ‘நீங்க வா’ என்று ஆகிறது. இது தமிழே இல்லை. மொழியியல் புத்தகங்களில் இந்த மாதிரி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள், இந்த மொழி பேசுகிறவர் இப்படிச் சொல்லமாட்டார் என்று அதற்கு அர்த்தம். எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு உடைந்துவிட்டது. இப்போது ‘நாளைக்கு மழை வருமுங்க’ என்பதில் எடுத்துவிடுங்கள். ‘நாளைக்கு மழை வரும்.’ வாக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை, நட்சத்திரம் போட வேண்டியதில்லை. பெரியவரிடம் அப்படிச் சொன்னால் மரியாதைதான் குறையும். முதலாவது விகுதி, வினையோடு கட்டுப்பட்டது. இரண்டாவது எதோடும் கட்டுப்படாமல் எதன் மேலும் போய்த் தொற்றிக்கொள்ளும். ரூவாங்க என்று பெயரோடு, எனக்குங்க என்று வேற்றுமை ஏற்ற சொல்லோடு, அப்பறமுங்க என்று காலச் சொல்லோடு, வெடியாலதானுங் என்று ‘தான்’ வந்த பிறகு அதற்கும் பின்னால்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தொல்காப்பிய இடையியலின் முதல் சூத்திரம் ஞாபகம் வராமல் இருந்ததே இல்லை: “இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற்று இயலும் தமக்கியல் பிலவே.” இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனக்கென்று நடை கிடையாது. இதே இயலில் இன்னொன்று இருக்கிறது: “மியா இக மோ மதி இகும் சின் என்னும் ஆவயின் ஆறும் முன்னிலை அசைச்சொல்.” எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசும்போது வருகிற ஆறு அசைகள். குறுந்தொகை இரண்டாம் பாட்டில் இறையனார் தும்பியைப் பார்த்து “கண்டது மொழிமோ” என்று கேட்கிறாரே, அந்த மோ. (அந்தப் பாட்டே ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்றுதான் தொடங்கும், அங்கே கொங்கு என்றால் பூந்தாது, எங்கள் ஊருக்கும் அதற்கும் முடிச்சுப் போடவில்லை.) அந்த மோ வாக்கியத்தின் செய்தியில் எதையும் சேர்க்கவில்லை, எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சேர்க்கிறது. எங்கள் இரண்டாவது ‘ங்க’ செய்வதும் அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு, அந்த ஆறில் பெரும்பாலானவை முன்னிலை வினையோடு மட்டும் வரும். இகும், சின் இரண்டும் மற்ற இடங்களிலும் வரும் என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது. அந்த வழியில் ‘ங்க’ இன்னும் தூரம் போய், தன்மை படர்க்கை என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டுவிட்டது. கொங்குப் பேச்சில் இன்றைக்கும் புழங்குகிற முன்னிலை அசை என்று இதைச் சொன்னால் இலக்கணம் படித்தவர்கள் கோபிக்கக்கூடாது.

‘மழை பேயுது’, ‘மழை பேயுதுங்க’ என்ற இரண்டு வாக்கியத்தில் ஒன்று உண்மையாக இருந்து இன்னொன்று பொய்யாக இருக்க முடியுமா? முடியாது. வெளியே மழை பெய்தால் இரண்டும் உண்மை. வாக்கியம் எப்போது உண்மையாகும் என்ற அளவில் பொருளைப் பார்ப்பது பொருண்மையியலின் ஒரு முக்கியமான வேலை, அந்தக் கணக்கில் ‘ங்க’வின் மதிப்பு பூஜ்யம். அப்படியென்றால் அர்த்தமே இல்லாத ஒன்றையா ஒரு சமுதாயம் முழுக்க நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறது?

இங்கேதான் பயன்வழியியல் வருகிறது. யார், யாரிடம், எந்தச் சூழலில், எதற்காகச் சொன்னார் என்று பார்க்கிற பிரிவு. ‘திருட்டுப்பய ஓடீட்டானுங்க’ என்று ஒருவர் சொல்கிறார். ஓடியவனுக்கு ஆன் விகுதி, அவனுக்கு மரியாதை இல்லை. கேட்கிறவருக்கு ங்க. ‘அவுங்க வந்தாங்க’ என்றால் வந்தவருக்கு மரியாதை. ‘அவுங்க வந்தாங்களுங்க’ என்றால் முதல் ங்க வந்தவருக்கு, இரண்டாவது கேட்கிறவருக்கு. ஒரே வினைமுற்றில் இரண்டு பேருக்கு இரண்டு தனித்தனி மரியாதை. பேசப்படுகிறவருக்கு உரிய மரியாதையும் கேட்கிறவருக்கு உரிய மரியாதையும் வேறு வேறு என்று புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ள மற்றவர்கள் மெனக்கெட வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது, பெயர் மட்டும்தான் தெரியாது.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ‘சில்லறை இருக்குதுங்களா?’ என்று கேட்டால் ‘இருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, கை பைக்குள் போய்விடும். வடிவம் கேள்வி, செய்கிற வேலை வேண்டுகோள். பேசுவதே ஒரு செயல்தான் என்ற இந்தப் பார்வையை வகுத்தவர் ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்த ஆஸ்டின், அவர் 1960-ல் இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்த உரைகள் நூலாக வந்தன. இந்தப் பகுதி பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும், நீட்ட வேண்டியதில்லை.

நீட்டிச் சொல்ல வேண்டியது வேறொன்று. கொங்குத் தமிழ் என்றாலே மரியாதைத் தமிழ் என்று எல்லோரும் புகழ்கிறார்கள், கேட்க எங்களுக்கும் சந்தோஷம்தான். குழந்தையைக்கூட ‘சாப்புடுங் சாமி’ என்று கொஞ்சுகிற பேச்சு இது. ஆனால் மொழியியல் படிக்கிறவர், யார் சொல்கிறார் என்பதோடு யாருக்குத் திரும்பக் கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்த தலை நரைத்த பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகிற பையனைப் பார்த்து ‘வாங்க சாமி, சொல்லுங்க சாமி’ என்பார்கள். அந்தப் பையன் அவர்களைப் பேர் சொல்லி ‘வாடா’ என்பான். ‘ங்க’ ஒரு பக்கம் மட்டும் போனது, திரும்பி வரவே இல்லை. அது சாதி கேட்டு வாங்கிய ‘ங்க’. பிரவுன், கில்மன் என்ற இருவர் 1960-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்கள் வகைச் சொற்களை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். ஒருவழியாகப் போனால் அதிகாரம், இருவழியாகப் போய்வந்தால் சமநிலை. கீரைக்காரப் பாட்டி எனக்கு ‘ங்க’ போடுகிறார், நானும் அவருக்குப் போடுகிறேன், அது இருவழி. எங்கள் பக்கத்திலேயே இரண்டும் இருந்தது, ஒருவழி இன்னும் முழுசாகப் போகவில்லை. மரியாதை என்று பெருமை பேசுகிறபோது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். சமூக மொழியியல் என்ற பெயர் பாடத்திட்டத்தில் இருக்கிறது, அதற்குள் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

தொல்காப்பியர் இதிலும் ஒரு வேலை செய்திருக்கிறார். ஒருவரைப் பன்மையில் சொல்வது பற்றிக் கிளவியாக்கம் என்ற இயலில் வரும் சூத்திரம், அதை “வழக்கினாகிய உயர்சொற் கிளவி” என்கிறது, உடனே “இலக்கண மருங்கிற் சொல்லாறல்ல” என்றும் முடிக்கிறது. இலக்கண வழியில் பார்த்தால் ஒருவருக்குப் பன்மை பொருந்தாது, ஆனால் மக்கள் உயர்த்திச் சொல்லும்போது அப்படித்தான் சொல்கிறார்கள் என்று இரண்டையும் பதிவு செய்துவிட்டார். இருப்பதை இருக்கிறபடி எழுதிவைக்கிற இந்தக் குணத்துக்கு விளக்கமுறை இலக்கணம் என்று பெயர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனாரும் “வழக்கும் செய்யுளும்” என்று மக்கள் பேசும் வழக்கைத்தான் முதலில் வைக்கிறார்.

எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் ஒன்று என்று இருப்பதற்கு இரட்டை வழக்கு என்று பெயர், மொழியியலாளர் பெர்குசன் 1959-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தக் கருத்து பரவலானது. மேலே சொன்ன ‘தொற்றிக்கொள்ளும் ங்க’ எழுத்துத் தமிழில் கிடையவே கிடையாது. ‘இல்லைங்கள்’ என்று யார் எழுதுகிறார்கள்? அதனால்தான் இலக்கணப் பாடநூலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை, பிள்ளைகளும் அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு உதாரணத்துக்கு ஆங்கிலக் குண்டூசியைத் தேடிப் போகிறார்கள். இதை ஆசிரியர்கள்தான் மாற்ற வேண்டும். வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் ஆத்தாவும் அப்புச்சியும் பேசுவதை போனில் பதிவு செய்துகொண்டு வரச் சொல்லுங்கள் (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்). அந்த ஒலிப்பதிவில் எல்லா அத்தியாயமும் இருக்கும்.

அக்கா மகள் இப்போது இதையே தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முதலில் தெரிய வேண்டியது, கேள்வி கேட்கும்போது உங்கள் ஊரில் ‘இருக்குதுங்களா’ என்பார்களா, ‘இருக்குதாங்க’ என்பார்களா என்பது. வினா ஆ முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும் என்று அவள் சந்தேகப்படுகிறாள். பொள்ளாச்சி, தாராபுரம், சத்தியமங்கலம் பக்கத்து ஆட்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வதையும் சின்னவர்கள் சொல்வதையும் தனித்தனியாகக் கேட்டு வையுங்கள், ஊர்ப் பேரும் சுமாரான வயசும் போதும்.